மூக்கால் கேட்பவர்

எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன் மீரான் அதை முகர்ந்து பார்ப்பார். ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோ, எது வந்தாலும் முதலில் மூக்குதான் போகும். திருப்புளி அப்புறம். பெட்டியின் முதுகில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக இழுப்பார். நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை எடுக்க வந்தவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பதினோரு வருடமாக அவர் கடைக்கு எதிர்வீட்டுச் சன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பார்த்து வருகிறேன். ஒரு நாள்கூட அவர் இதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஒருமுறை ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து பெருமாள்சாமி என்ற விவசாயி, முருங்கைக்காய்க் கூடைக்குள் ரேடியோவை வைத்துத் துண்டால் மூடிக் கொண்டுவந்தார். மீரான் முகர்ந்தார்.

"பல்லி உள்ள போயிருக்கு. செத்து நாலு நாளாச்சு."

"ஏனுங்க, தொறக்காமயே சொல்றீங்களே, மை கிய் போட்டுப் பாக்குறீங்களா?"

"மை எதுக்கு அப்பு. பல்லியே சொல்லுது."

திறந்தபோது பல்லி இருந்தது. பெருமாள்சாமி அன்று முதல் ரேடியோவுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கு மேலுக்குச் சரியில்லை என்றாலும் மீரானிடம் வந்து யோசனை கேட்க ஆரம்பித்தார்.

மீரானின் மனைவி சைதூனுக்கு இந்த மூக்கின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "ரேடியோ கருகுனா அடுத்த தெருவுல இருந்து மோப்பம் பிடிக்கும். பக்கத்துல வெஞ்சனம் கருகுனா அடைச்சுக்கிரும்" என்பார். மீரான் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். உண்மையாக இருப்பதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை போலிருக்கிறது.

கடைக்கு 'மீரான் சவுண்டு சர்வீஸ்' என்று பெயர். பேகம்பூர்ப் பக்கத்துச் சந்தில், நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. கந்தூரிக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கும், எங்கள் மாதா கோவில் கொடியேற்றத்துக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். ஆள் ஒல்லி. கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. புகைக்க மாட்டார், ஆனால் ஊரில் காலியாகிற சுருட்டுப் பெட்டிகளெல்லாம் எப்படியோ அவரிடம் வந்து சேர்ந்துவிடும். ஆணி ஒரு பெட்டியில், வால்வு ஒரு பெட்டியில், எதற்கென்று தெரியாத திருகுகள் மூன்று பெட்டியில். கடைக்குள் நுழைந்தால் புகையிலையும் ஈயப்பற்றும் கலந்த ஒரு மணம் இருக்கும். சட்டை தைத்துக் கொடுக்கிறபோது அவர் துணியிலும் அது இருக்கும்.

மத்தியான வேளையில் எங்கள் தெரு பாதித் தூக்கத்தில் கிடக்கும். திண்டுக்கல் என்று ஊருக்குப் பெயர் கொடுத்த பாறை, பெயருக்கேற்றபடி ஒரு திண்டாக மேற்கே சாய்ந்திருக்க, ஊரே அதில் தலைவைத்துப் படுத்ததுபோல் இருக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளின் பக்கமிருந்து காற்று வரும், நிற்கும், மறுபடி வரும். அந்த நேரத்தில்தான் மீரான் மைக்கைச் சோதிப்பார். மற்றவர்கள் போல ஹலோ சொல்ல மாட்டார்.

"சின்னாளபட்டி... செம்பட்டி... சாணார்பட்டி... சித்தையன்கோட்டை..."

அவ்வளவுதான். திரும்பவும் சின்னாளபட்டி. கண் செருகிக் கிடக்கிறவர்களுக்கு ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். நிறுத்தங்கள் வரும், போகும், யாரும் இறங்க மாட்டார்கள். எத்தனையோ மத்தியானங்களில் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே செம்பட்டி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஏன் இந்த ஊர்கள் என்று சைதூன் ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "ஹலோவுல என்ன இருக்கு, வெறும் காத்து. 'ச' சொல்லிப் பாக்கணும். அது சுத்தமா விழுந்துச்சுன்னா மைக்கு நல்ல மைக்கு. நாக்குல மாவு ஒட்டுன மாதிரி விழுந்துச்சுன்னா எங்கயோ நோவு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கே அப்படி ஒரு நோவு வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு காதர் பீவியுடையது. அவருடைய கணவர் அப்துல் லத்தீப் பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் பங்குதாரர். பதினெட்டு வருடத்தில் மூன்று தடவை வந்து போனவர். மகள் ஜெய்தூன் பீவிக்கு மாப்பிள்ளை முடிவாகி, நாளும் குறித்தாயிற்று. கப்பல் ஏறுகிற நேரத்தில் அவர் கடை மாடிப்படியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக நாகப்பட்டினம் கப்பலில் ஒரு டேப் ரிக்கார்டர் வந்து இறங்கியது. பச்சை நிறத் தோல் உறை போட்ட பெட்டி. கூடவே அவர் பேசிப் பதிந்த நாடாச் சுருள் ஒன்று, வெறும் சுருள் இரண்டு, ஒரு கடிதம்.

நிக்காஹ்வை முழுவதும் பதிந்து அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். தன் இடத்தில் தம்பி நூர் அகமது நின்று நடத்தட்டும். ஹஜ்ரத் ஓதுவது வேண்டும், வந்தவர்கள் பேசுகிற சத்தம் வேண்டும். எல்லாவற்றையும்விட, சாட்சிகள் போய்க் கேட்கும்போது ஜெய்தூன் சம்மதம் சொல்வது வேண்டும். 'என் மகள் பேச ஆரம்பித்த பிறகு அவள் குரலை நான் மொத்தம் எட்டு மாதம்கூடக் கேட்டதில்லை' என்று ஒரு வரி. கல்யாண ரவிக்கைக்கு அளவெடுக்க நான் போயிருந்தபோது காதர் பீவி அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த வரி வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்தினேன். அவரும் மேலே வாசிக்கச் சொல்லவில்லை.

வேலை மீரானிடம் வந்தது. தோல் வியாபாரி நூர் அகமதுக்குக் குரலும் உடம்பும் பெரியது. கடை வாசலில் நின்று அவர் போட்ட நிபந்தனை தெரு முழுக்கக் கேட்டது.

"ஏலே மீரான், புள்ள கொரலு டேப்புல போகணும். தெருவுக்குக் கேக்கப்படாது. ஒரு எழுத்து குழாய்ல வந்துச்சுன்னா ஜமாத்துல நான் தலகாட்ட முடியாது, ஆமா."

"இம்புட்டு சத்தமா சொல்லாதீங்க பாய். இதுவே குழாய்ல வந்த மாதிரி இருக்கு."

அதற்காக மீரான் ஒரு பெட்டி செய்தார். சுருட்டுப் பெட்டிதான். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய திருகு குமிழ் ஒன்றை அதன் மூடியில் பொருத்தினார். பந்தலில் இருக்கும் மைக்கின் ஒயரும், பெண்கள் இருக்கும் அறையிலிருந்து வரும் மைக்கின் ஒயரும் அதற்குள் போகும். திருகைத் திருப்பினால் எது எங்கே போக வேண்டும் என்பது முடிவாகும்.

"இந்தப் பக்கம் திருப்புனா தெருவு. அந்தப் பக்கம் திருப்புனா பினாங்கு" என்று விளக்கினார். "நடுவுல வச்சா யாருக்கும் இல்ல."

அந்த நடு இடம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொல்லி முடித்த பிறகும் சிறிது நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது காதர் பீவி வீட்டு முன்கூடத்தில் முதல் சோதனை. டேப் ரிக்கார்டரை உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். மீரான் வழக்கம்போலக் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து சிரித்தார்.

"அத்தர் மணக்குது. கல்யாண வீட்டு மிஷினுல்ல, கருவாடா மணக்கும்?"

சின்னாளபட்டி, செம்பட்டி என்று ஆரம்பித்தார். தெருவில் வேம்பில் கட்டியிருந்த குழாயில் ஒவ்வொரு ஊரும் தெளிவாக விழுந்தது. பிறகு நாடாவைச் சுற்றி, பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். வண்டு பறப்பதுபோல ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால், கம்பளிக்கு அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல ஊர்ப் பெயர்கள். ஒரு 'ச'கூட இல்லை.

"அண்ணன் சீமையில இருந்து மிஷினு அனுப்புனா, நீ சுருட்டுப் பெட்டியில ஒயரச் சொருகுற" என்றார் நூர் அகமது. "பொகை வராம வேறென்ன வரும்?"

மீரான் தன் பெட்டியைத்தான் பார்த்தார். கப்பலில் வந்த புது மிஷின் தப்புச் செய்யும் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவர் உட்பட. தப்பு என்று ஒன்று இருந்தால் அது நம் ஊரில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இரைச்சலை மறுநாளே பிடித்துவிட்டார். வாசலில் குழிதோண்டி இரும்புக் கம்பி நட்டு, மிஷினிலிருந்து அதற்கு ஒரு ஒயர் இழுத்தார். குழியில் உப்பைப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். பங்குனி மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் நூலாகத் தண்ணீர் வருகிற ஊர்.

"மனுசன் குளிச்சு ரெண்டு நாளாச்சு. ஒங்கம்பிக்குக் குளிக்கணுமோ?" என்று பக்கத்து வீட்டு அய்யம்மாள் குடத்தை இடுப்பைவிட்டு இறக்காமல் கேட்டாள்.

"கம்பி நனையாட்டி வண்டு போகாது ஆத்தா."

"எங்க வீட்லயும் ஒரு வண்டு காலையில இருந்து கத்திட்டுக் கெடக்கு. அதுக்கும் ரெண்டு கொடம் ஊத்திப் பாக்குறேன்" என்று புருஷனைச் சொல்லிவிட்டு, ஒரு குடத்தை ஊற்றினாள்.

வண்டு போயிற்று. கம்பளி போகவில்லை.

அடுத்து ஒயர் நீளம் என்று சந்தேகப்பட்டு, சுவரில் ஓட்டை போட்டுக் குறுக்கு வழியில் புது ஒயர் இழுத்தார். மைக்கை மாற்றினார். சுருட்டுப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பற்றையும் உருக்கி எடுத்து மறுபடி வைத்தார். மூன்று தடவை பிரித்தார். மூன்றாம் தடவை பெட்டியின் மூடி கையோடு வந்துவிட, கட்டுவதற்கு நாடா கேட்டு என் சன்னலுக்கு வந்தார். பாவாடை நாடா ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். அதைச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொரு நாளும் குழாயில் தெளிவு, டேப்பில் முனகல். ஒருநாள் நூர் அகமதிடம் கேட்டும் பார்த்தார்.

"செத்த நேரம் மிஷினத் தொறந்து பாத்துக்கிறேனே பாய்."

"அதுல திருப்புளி படக்கூடாது. அண்ணன் வந்து பாக்குறப்ப எப்பிடி அனுப்புனாரோ அப்பிடி இருக்கணும். ஒன் சாமான நோண்டு."

அந்த நாட்களில் மத்தியானம் தெருவுக்குப் பஸ் ஓடவில்லை. ஊர்ப் பெயர்கள் கேட்காமல், வெயில் மட்டும் இருந்தது. மீரான் கடைக்குள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திருகை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருப்பார். தெரு, பினாங்கு. தெரு, பினாங்கு.

ரவிக்கைகளைப் போட்டுப் பார்க்க நான் சாயங்காலங்களில் காதர் பீவி வீட்டு உள்ளறைக்குப் போவேன். ஆண்கள் வராத அறை. மஃரிப் தொழுகை முடிந்ததும் மிஷினை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். காதர் பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். எதிரே கணவர் வந்து உட்கார்ந்ததுபோல. பிறகு அத்தர்ப் புட்டியைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து, நாடா உள்ளே போகிற இடுக்கில் ஒரு தடவு தடவுவார். அதுதான் பேசுகிற வாய் என்று அவருக்கு எண்ணம். வந்த விருந்தாளிக்குப் புறங்கையில் தடவுவதை, கை இல்லாத விருந்தாளிக்கு வாயில் தடவினார். அதன் பிறகே ஜெய்தூன் விசையை அழுத்துவாள்.

"காதர் பீவி, நல்லா இருக்கியா?" என்று அப்துல் லத்தீப் கேட்பார்.

கேட்டுவிட்டு அவர் நிறுத்துகிற இடத்தில், "நல்லாருக்கேன்" என்பார் காதர் பீவி. அவர் அடுத்ததைக் கேட்பார். இவர் அதற்கும் சொல்வார். முழு நாடாவும் இப்படியே போகும். எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்பது மனப்பாடமாகிவிட்டதால், பதில்கள் அந்த இடைவெளிகளுக்குச் சரியாக இருக்கும். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பதாகத்தான் தோன்றும்.

மிஷின் வந்த புதிதில் நான் முதல் தடவை கேட்டபோது அவர் குரலுக்குப் பின்னால் மழை பெய்தது. தகரக் கூரையில் விழுகிற பினாங்கு மழை. திண்டுக்கல்லின் பங்குனியில் உட்கார்ந்து அந்த மழையைக் கேட்டபோது எனக்குக் கைகள் குளிர்ந்தன.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, பேச்சு முடிந்ததும் காதர் பீவி துப்பட்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"மொத மொதல்ல இந்தா இந்தத் தூணுகிட்ட நின்னு பேசுன மாதிரி இருந்துச்சு" என்றார். "அப்புறம் வாசல் முத்தத்துக்குப் போனாரு. இப்பத் தெருவுல நிக்கிறாரு. நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போறாரும்மா."

"அங்க மழ விட்டுருச்சு, அதான் அத்தா வெளிய கெளம்பிட்டாக" என்று ஜெய்தூன் விளையாட்டாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே சொன்ன பிறகு முகம் மாறிவிட்டது.

மழை விட்டிருந்தது. நானும் கவனித்தேன். நாடாவில் இருந்த மழை எப்படி விடும் என்று அன்று இரவு முழுக்க ஊசியும் நூலுமாக யோசித்தேன். மறுநாளும் யோசித்தேன். எதிர்க்கடையில் மீரான் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். எட்டு அடி தூரம்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் மிஷினைப் பற்றி என்ன சொல்வது? அதுவும் நானாகப் போய். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இரண்டு நாள் இருக்கும்போது மீரான் வெயில் உச்சிக்கு வருமுன்பே கடைப் பலகைகளை வைத்து மூடினார். மதுரையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரச் சொல்லப் போகிறேன் என்று சைதூனிடம் சொன்னார். நாடா கட்டிய பெட்டி அவர் கக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிப் போடுவதற்கு ஒரு இடம் தேடுகிற மாதிரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

நான் எழுந்து தெருவைக் கடந்தேன்.

"அண்ணே, அவக அத்தா பேசுற டேப்புல மழை கேட்டுச்சு. இப்பக் கேக்கல."

"எந்த டேப்பு தங்கச்சி?"

"பினாங்குல பேசி அனுப்புனது. தெனம் போட்டுக் கேக்குறாக. கொரலும் முன்ன மாதிரி இல்ல, மங்கிப்போச்சு."

மீரான் என்னைப் பார்த்தார். பிறகு கக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "அது அங்க பிடிச்சதுல்ல. ஏம்பெட்டிக்குள்ள வரவே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். ஆறு நாளாக அந்த மிஷினில் நாடா மாட்டிய விரல்கள்.

"அத்தரு எங்க போடுறாக?"

"வாயில" என்றேன். "நாடா போற எடத்துல. தெனமும்."

அவர் சிரித்தார். ஆறு நாளில் முதல் சிரிப்பு. "மொத நாளே மூக்கு சொல்லிருச்சு, அன்னாளு தங்கச்சி. நாந்தான் கல்யாண வீடுன்னு விட்டுட்டேன்."

துடைப்பதற்கு ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்குக் காலத்தில் ஸ்பிரிட் கேட்டுப் போகிறவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். கம்பவுண்டர் சூசை, மருந்துப் புட்டியில் இரண்டு விரற்கடை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "குடிச்சிராதீரும்" என்றாராம். "நான் அஞ்சு வேள தொழுகுறவன்யா. மிஷினுதான் குடிக்கப் போகுது" என்று வாங்கி வந்தார்.

நூர் அகமது தோல் மண்டிக்குப் போயிருந்தார். காதர் பீவி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். மீரான் முன்கூடத்தில் நின்று, கதவில் தொங்கிய திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, மிஷினத் தொறக்கணும். பாய் வேண்டாம்ன்டாரு. நீங்க சொன்னாத்தான்."

"தொறந்துக்கப்பா" என்றார் காதர் பீவி. "அவரு கொரலு கிட்ட வந்தாப் போதும்."

நான்கு திருகாணியைக் கழற்றியதும் மேல்மூடி வந்துவிட்டது. உள்ளே, நாடா உரசிப் போகிற சின்ன உலோகக் கட்டியின் மேல், எண்ணெயும் எங்கள் ஊர்த் தூசியும் நாடாவின் பழுப்புப் பொடியும் சேர்ந்து மெழுகுபோல அப்பியிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மீரான் ஒவ்வொரு தடவையாகத் துடைத்தார். கூடம் முழுக்கச் சந்தனமும் ஸ்பிரிட்டும் மணத்தன. நாடாவையும் மெல்லிய மல் துணிக்குள் ஓடவிட்டு எடுத்தார். அழுக்குப் பஞ்சு எதையும் கீழே போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இருந்துச்சு?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"தூசிக்கா. நம்ம ஊரு தூசி."

பினாங்குச் சுருளை மாட்டினார். இப்போது முதலில் வந்தது குரல் அல்ல. மழை. தகரத்தில் சடசடவென்று ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது. அதற்குள்ளிருந்து, தூணருகே நிற்கிறவரைப்போல, "காதர் பீவி, நல்லா இருக்கியா?" என்றார் அப்துல் லத்தீப்.

அவர் நிறுத்திய இடத்தில் அன்று பதில் வரவில்லை. திரை மட்டும் லேசாக அசைந்தது. மீரான் எழுந்து வாசலுக்குப் போய், கம்பி நட்ட குழியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். நாடா முடிகிறவரை திரும்பி வரவில்லை. நான் திரைக்குள்ளே போனேன்.

வந்ததும் தொண்டையைச் செருமினார். "அக்கா, ஒரு விசயம். இந்த மிஷினு இப்ப நோம்பு பிடிச்சிருக்கு. வாயில எதுவும் படக்கூடாது. அத்தரும் ஆகாது."

காதர் பீவிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். மடியில் இருந்த புட்டியைத் துப்பட்டிக்குள் மறைத்தார்.

"எத்தன நாளைக்குப்பா நோம்பு?" என்றார், சின்னக் குரலில்.

"அது ஆயுசுக்கும் பிடிக்கும்க்கா. நல்ல மிஷினு." பிறகு, "மணத்தோட கேட்டாத்தான் மனசுக்கு ஆகும்னா, மாட்டிவிடுறவன் கையில போடுங்க" என்று திரைக்கு முன்னால் இடது புறங்கையை நீட்டினார். உள்ளே பெண்கள் சிரித்துவிட்டார்கள். காதர் பீவியும் சிரித்தார். குச்சியைத் தோய்த்து, திரையை விலக்காமல், கீழ் வழியாக நீட்டி அந்தக் கையில் தடவினார்.

நிக்காஹ் அன்று பெண்கள் அறையில் மைக்கைப் பிடித்தவள் நான். மீரான் சுவருக்கு அந்தப் பக்கம். எப்போது திருப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக என் தையல் நூல் ஒன்று சுவர் ஓட்டை வழியாகப் போய் அவர் மணிக்கட்டில் கட்டியிருந்தது. சாட்சிகள் அறை வாசலுக்கு வந்ததும் இழுத்தேன். தெருவில் குழாய் ஊமையானது. நூர் அகமது அண்ணன் மகளிடம் மெதுவான குரலில் கேட்டார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஜெய்தூன் வளையலை ஒருமுறை நகர்த்தினாள். பிறகு, "சம்மதம்" என்றாள். வெளியே வேம்பில் காகம் கத்தியதைத் தவிரத் தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சாட்சிகள் போய்விட்டார்கள். நான் மறுபடி நூலை இழுத்திருக்க வேண்டும். அதற்குள் ஜெய்தூன் தலையைக் குனிந்து, மைக்கின் மேல் முக்காடு படும்படி நெருங்கி, "அத்தா, சாப்ட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவள்போல அப்படியே இருந்தாள். நான் நூலைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மீரானும் திருகைத் தொடவில்லை.

சுருள் கப்பலில் போயிற்று. ஆடி மாதம் கடிதம் வந்தது. கால் பக்கம்தான். நிக்காஹ் முழுவதும் கேட்டதாகவும், ஹஜ்ரத்துக்கு சலாம் சொல்லும்படியும் எழுதிவிட்டு, கடைசியில், 'ஜெய்தூனிடம், சாப்பிட்டேன் என்று சொல்லவும்' என்று இருந்தது.

இப்போது ஜெய்தூன் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அப்துல் லத்தீப் இன்னும் பினாங்கில்தான் இருக்கிறார். மிஷின் காதர் பீவியின் முன்கூடத்தில் இருக்கிறது. சுருட்டுப் பெட்டி, பாவாடை நாடாவோடு, மீரானின் கடையில் மற்ற சுருட்டுப் பெட்டிகளுக்கு மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வருகிற வழியில் மீரான் அந்த வீட்டில் நுழைந்து, மிஷினைத் துடைத்துச் சுருள் மாட்டிக் கொடுப்பார். முதலில் குனிந்து முகர்வார். பிறகு இடது புறங்கையைத் திரைக்கு முன்னால் நீட்டுவார். கீழ் வழியாகக் குச்சி வரும், அத்தர் தடவும். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் மட்டும் மிஷினைத் திறப்பார்.